குழாயில் தொங்கிய கிரீஸ்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. குளியலறைக் குழாயில், வேஷ்டியில் மூட்டை கட்டிய தயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்னா, உங்க கிரீஸைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கப்படாதா? நான் குளிச்சுட்டு விளக்கேத்தணும்" என்றாள் ருக்கு.

"தொடாதே! தண்ணி முழுக்க வடியணும். அங்கே ஸ்பூனை நட்டா கொடிக்கம்பம் மாதிரி நிக்கும்."

அங்கே என்றால் கிரீஸ் தேசத்து ஏதென்ஸ். போன வருஷம் சர்க்கார் செலவில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் வந்தவர் ராமமூர்த்தி. அங்கே இடிந்தும் இடியாமலும் நிற்கும் கோயில்களைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. திறந்ததெல்லாம் தயிருக்குத்தான். மலை மந்திரில் முருகனைச் சேவித்துவிட்டு இறங்குகிறவர்களைக்கூட நிறுத்தி வைத்து, விபூதி காய்வதற்குள் கெட்டித் தயிரின் பெருமையைச் சொல்லி முடித்துவிடுவார். டெல்லி ஆர்.கே.புரத்தில் அவரைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போகிறவர்கள் உண்டு.

இப்போது அதே ஏதென்ஸில் மூன்று வருஷத்து வேலை ஒன்று காலி. யாரை அனுப்புவது என்று எழுதவேண்டியவர் மேலதிகாரி பாலசுப்ரமணியம். அவரே, "ஞாயித்துக்கிழமை ராத்திரி ராஜத்தையும் அழைச்சுண்டு வரேன். அந்தத் தயிரைக் கொஞ்சம் காட்டுமேன்" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"இது சாப்பாடு இல்லை ருக்கு, இன்டர்வியூ" என்றார் ராமமூர்த்தி.

ஜூன் மாதத்து டெல்லிக்கு இன்டர்வியூ பற்றித் தெரியாது. மத்தியானம் கரண்ட் போயிற்று. மூட்டையை அவிழ்த்து ஒரு விரல் நக்கிய ராமமூர்த்தியின் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"புளிக்கிறதோ?"

"லேசா... ஒரு கேரக்டர் வந்திருக்கு."

கேரக்டரைக் குறைக்கப் பால் விட்டார். பத்தவில்லை என்று ஏடோடு இன்னும் விட்டார். தயிர் பழையபடி தயிரானது. கொஞ்சம் தாண்டி மோருமானது. கெட்டியாக்க வேண்டுமென்றால் அடிக்கவேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம். மிக்ஸி ஓடாது. மத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வியர்வை சொட்டச் சொட்டக் கடைந்தார்.

மேலே வெண்ணெய் மிதந்தது.

ருக்கு எட்டிப் பார்த்தாள். "பேஷ். கிரீஸுன்னு கிளம்பி கோகுலத்துல இறங்கியிருக்கேள்."

"கிண்டல் பண்ற நேரமா இது? ஜல்தி, சட்டா வீட்ல தயிர் இருக்கான்னு கேளு!"

எதிர் வீட்டுப் பஞ்சாபிக்கார சட்டா அம்மாள், "அரே, ஸாரா லே ஜாவோ!" என்று சட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். பசுந்தயிர், துளிப் புளிப்பில்லை. ஆனால் வடிய நேரமில்லை. வேஷ்டி மோரில் ஊறிக் கிடந்ததால், கரோல்பாக்கில் வாங்கிய புதுத் துண்டில் தயிரைக் கொட்டி, நனைந்த ஜமக்காளத்தைப் பிழிவதுபோல் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். தயிர் கெட்டியாயிற்று. கரண்டும் வந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் தயிர் ரோஸ் நிறம். துண்டு சிவப்பு.

"அடப் பாவமே! கொட்டிடலாம்னா. புளியோதரையும் அப்பளமும் போதும்."

"புளியோதரை போட்டா என்னைப் புதுக்கோட்டைக்குத்தான் அனுப்புவா!"

வாசல் மணி அடித்தது.

பாலசுப்ரமணியம் உட்கார்ந்ததும் கிண்ணத்தைத்தான் பார்த்தார். "என்ன ஓய், ரோஸா இருக்கே?"

"விசேஷ நாள்ல அங்கே அப்படித்தான் ஸார்" என்றார் ராமமூர்த்தி, கண் இமைக்காமல். ருக்கு அப்பளம் எடுக்கும் சாக்கில் உள்ளே ஓடினாள்.

பாலசுப்ரமணியம் ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். இன்னொன்று போட்டார். "அச்சா!" என்றார். பக்கத்தில் அவர் மனைவி ராஜம் பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் கிண்ணத்தை நீட்டி, இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள். ராமமூர்த்தி அதைக் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போடுகிற கையைத்தான் கவனித்தார்.

"தினம் தின்னா அலுக்காதோ?"

"எப்படி ஸார் அலுக்கும்? காலையில தேனை விட்டுக்கலாம். மத்தியானம் வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டுக்கலாம். ராத்திரி ரொட்டியில தடவினா வெண்ணெய், சாதத்துல பிசைஞ்சா நம்மாத்துச் சாப்பாடு. கத்திரிக்காயைச் சுட்டுப் போட்டா பச்சடி."

"நம்மளை மாதிரி சுத்த சைவம்..."

"இது ஒண்ணை வச்சுண்டு மூணு வருஷம் கண்ணை மூடிண்டு ஓட்டலாம் ஸார்!"

"மூணு வருஷம்!" என்று பாலசுப்ரமணியம் மனைவியைப் பார்த்தார். ராஜம் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

"வெளியில வச்சா எத்தனை நாள் தாங்கும்?"

"அந்தக் குளிருக்கு ஒரு வாரம்!"

"துணி இங்கேர்ந்து கொண்டு போகணுமோ?"

"எந்தத் துணியானாலும் சரி ஸார்" என்றவர், மனச்சாட்சி உறுத்தியோ என்னவோ, "வெள்ளையா இருந்தா உத்தமம்" என்றார்.

இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறார் என்றால் வேலை கிடைத்த மாதிரிதான். ராமமூர்த்தி மனசுக்குள் கோட் தைக்கக் கொடுத்துவிட்டார். சமையலறைப் பக்கம் போய், "ருக்கு, உனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கணும்" என்று கிசுகிசுத்தார்.

"முதல்ல துண்டை ஒளிச்சு வைங்கோ" என்றாள் அவள்.

விடைபெறும்போது பாலசுப்ரமணியம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் ராமமூர்த்தி. உம்ம உதவியை மறக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பக் கீழே இறங்கினார்.

ராஜம் செருப்பை மாட்டிக்கொண்டே, வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"என் வயத்துல பாலை வார்த்தேள் மாமா. அந்த ஏதென்ஸுக்கு இவரே போறேன்னுதான் குதிச்சிண்டிருந்தார். சைவம் அங்கே பட்டினிதான்னு நான் ஒரே பிடிவாதமா நின்னு, வெள்ளிக்கிழமைதான் உங்க பேரை எழுத வச்சேன். நாளைக்கே அதை அடிச்சுட்டு இவர் பேரைப் போடச் சொல்லிடறேன்."