புஸ்வாணம் உள்ளே வந்த வழி

மத்தியானம் மூன்று மணிக்குக் கண் விழித்த மாரிக்கண்ணன் முதலில் பார்த்தது, தலைமாட்டில் நின்று கூழ் வடகம் தின்றுகொண்டிருந்த ஆட்டுக்குட்டியைத்தான். அது எப்படி உள்ளே வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

சாப்பிட்டுப் படுக்கும்போது தன் கையாலேயே பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். முன்கதவையும் போட்டிருந்தார். இப்போது இரண்டும் விரியத் திறந்து கிடந்தன.

ஆட்டுக்குட்டியின் பெயர் புஸ்வாணம். நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்பிக் குதிப்பதால் மகள் ஓவியா அப்படிப் பெயர் வைத்திருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. போன கோடை விடுமுறையில் ஓணான் வளர்த்தாள். இந்த விடுமுறைக்கு ஏழாயிரம்பண்ணையிலிருந்து தாய்மாமன் முனியராஜ் இதைக் கொண்டுவந்து விட்டிருந்தான்.

மனைவி அருணாதேவி எழுந்து முறத்தைப் பார்த்தாள். பாதி வடகம் இல்லை.

"நாலு மணிக்கு எந்திரிச்சுக் கிண்டுன கூழு. இன்னும் ஒரு தடவை இது வீட்டுக்குள்ள கால் வைக்கட்டும், எங்க தம்பிக்குப் போன் போட்டுருவேன். ஊர்ப் பொங்கலுக்கு ஆடு இல்லைன்னு அலையுதான்."

ஓவியாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்பா..." என்றாள்.

"நான் பாத்துக்கிறேன் தாயி" என்றார் மாரிக்கண்ணன்.

அவருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஷெட்டுகளில் மராமத்து நடப்பதால் பத்து நாள் லீவு. பதினெட்டு வருடத்தில் மத்தியானம் வீட்டில் படுத்துத் தூங்குவது இதுதான் முதல் தடவை. நாரணாபுரத்து வெயிலில் ஊரே கண்ணயரும் நேரம் அது. தகர ஷெட்டுகளின் மேல் அனல் அசையும். காக்கை கூடக் கத்தாது. படுத்த உடனே அவருக்குக் கனவு வந்துவிடும். தினமும் ஒரே கனவு. கம்பெனியில் தன் அறையில் உட்கார்ந்திருப்பார். வெடிமருந்து நிரப்பும் அந்த அறைக்கு எதிரெதிரே இரண்டு வாசல் உண்டு. ஆபத்து என்றால் எந்தப் பக்கமும் ஓடலாம். அந்தக் கனவில் ஆபத்தே கிடையாது. ஒரு வாசலில் நுழைந்த காற்று அவரைத் தடவிக்கொண்டு மறு வாசலில் போகும். உடம்பு லேசாகி, தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் மிதப்பது போல இருக்கும்.

மறுநாள் அவர் தாழ்ப்பாளை ஆராய்ந்தார். ஓவியாவைப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினார்.

"இங்கன பாரு. இது பக்கவாட்டுல ஓடுற தாழ்ப்பாளு. ஆடு கதவை முட்டுது. முட்ட முட்டக் கதவு அதிரும். அதிர்ந்தா கம்பி கொஞ்சங் கொஞ்சமா நகரும். நூறு முட்டு முட்டுனா முழுசா வெளிய வந்துரும்."

"புஸ்வாணம் நூறு தடவை முட்டுமாப்பா?"

"வடகம் வாசம் வந்தா முட்டும்."

ஆகவே தாழ்ப்பாளைச் சணலால் சுற்றிக் கட்டினார். சாதாரணக் கட்டு அல்ல. அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவர்கள் போடும் கட்டு. இழுக்க இழுக்க இறுகும். அவிழ்க்க வேண்டுமானால் எந்த நுனியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த நிம்மதியில் அன்று கனவு இன்னும் நன்றாக இருந்தது.

விழித்தபோது புஸ்வாணம் தினசரிக் காலண்டரைத் தின்றுகொண்டிருந்தது.

"வைகாசி பூராவும் போச்சு! ஆனி போச்சு! ஆடி பாதி போச்சு!" என்று அருணாதேவி கத்தினாள்.

"பள்ளிக்கூடம் தொறக்குற தேதியும் போச்சாம்மா?" என்று கேட்டாள் ஓவியா. கேட்டிருக்கக் கூடாது.

சணல் அறுபடவில்லை. அழகாக அவிழ்க்கப்பட்டு, உருண்டையாகச் சுற்றப்பட்டு, ஜன்னல் திட்டில் இருந்தது. மாரிக்கண்ணன் அதைக் கையில் எடுத்து வியந்தார்.

"ஒரு பிசிறு இல்ல பாரேன். கம்பெனியில சுத்துற மாதிரியே சுத்தியிருக்கு!"

"ஆட்டுக்குக் கை இருக்காங்க?" அருணாதேவி மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, உண்மையச் சொல்லு. நீதான் அவுத்துவிட்டே?"

"சத்தியமா இல்லம்மா."

"பொய் வேற சொல்றியா?"

ஓவியா அழவில்லை. புஸ்வாணத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாரிக்கண்ணனுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஆடு போனால் ஒரு விடுமுறை போகும். பிள்ளை பொய்க்காரி என்று பேர் வாங்கினால் அது போகாது.

மூன்றாம் நாள் அவர் ஒரு சோதனை வைத்தார். ஓவியாவின் பாவாடை நுனியை அருணாதேவியின் முந்தானையோடு முடிச்சுப் போட்டார். பின்கதவுக்கு அணைவாகத் தண்ணீர் டிரம்மை உருட்டி வைத்து நிரப்பினார்.

"இது எம்புட்டு கனம் தெரியுமா? என்னை மாதிரி ஆளு ரெண்டு கையும் போட்டு, குதிகால ஊனித் தள்ளுனாத்தான் நகரும்."

"உங்கள மாதிரி ஆடு எங்கன இருக்கு?" என்றாள் அருணாதேவி.

மூன்று மணிக்கு முடிச்சு முடிச்சாகவே இருந்தது. தாயும் மகளும் நகராமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிரம் மூலையில் ஒதுங்கி நின்றது. புஸ்வாணம் கட்டில் மேல் நின்றது. எதிர்வீட்டு இருளம்மாளின் கோழிகள் மூன்றும் முன்வாசல் வழியாக வந்திருந்தன. ஒன்று தையல் பெட்டிக்குள் முட்டை இட்டிருந்தது.

"பாத்தியா, பிள்ளை இல்ல" என்றார் மாரிக்கண்ணன் வெற்றியோடு.

"அப்ப யாருங்க?" அருணாதேவியின் குரல் இறங்கிவிட்டது. "பேயா?"

"பேய்க்கு எதுக்குக் கோழி?" என்றார். ஆனால் டிரம்மைப் பார்த்தபோது அவருக்கும் முதுகு சிலிர்த்தது. இடுப்பு வேறு வலித்தது. உள்ளங்கை எரிந்தது. நிரப்பும்போது பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் பின்கதவை ஒட்டிப் பாயை விரித்தார்.

"நானே குறுக்க படுக்கேன். என்னை மிதிக்காம எவன் தொறக்கான்னு பாப்போம்."

அன்று மாதிரி ஒரு கனவு அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. காற்று வெட்டிவேர்த் தட்டியில் புகுந்து வருவது போல வந்தது. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குள்ளமானவர். ஒன்றும் பேசவில்லை. அவர் மூச்சில் வேலிமசால் தழை மணந்தது. மெதுவாக மாரிக்கண்ணனின் வயிற்றில் தலையைச் சாய்த்தார். பாவம், தூங்கட்டும் என்று மாரிக்கண்ணன் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். கொம்பு சின்னதாக இருந்தது.

"எந்திரிங்க!"

பாய் சுவரோரம் ஒதுங்கியிருந்தது. கதவு திறந்து கிடந்தது. அவர் வயிற்றில் தலை வைத்துப் புஸ்வாணம் உறங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் ஜரிகை நூல் தொங்கியது. பொங்கலுக்கு எடுத்த புதுச் சேலையின் முந்தானை.

"இதாங்க நீங்க காத்த காவலு! தட்டிக்கொடுத்துத் தாலாட்டுறீக!"

அருணாதேவி அதற்கு மேல் கத்தவில்லை. போனை எடுத்துத் தம்பிக்குப் பேசினாள்.

முனியராஜ் ஐந்து மணிக்கெல்லாம் வண்டியில் வந்துவிட்டான். பின்சீட்டில் சாக்கு மடித்து வைத்திருந்தான். ஓவியா ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, கொண்டு போயி வெட்டிருவீகளா?"

"ச்சே, ச்சே. உடனே வெட்டுவமா? ஊர்ப் பொங்கலுக்கு இன்னும் எட்டு நாளு கெடக்கே."

ஓவியா இப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள். புஸ்வாணம் அவள் கன்னத்து உப்பை நக்கியது.

"மாப்ளே, இன்னும் ஒரே ஒரு நாள் குடு" என்று கெஞ்சினார் மாரிக்கண்ணன். "எப்படி வருதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுட்டா அடைச்சுருவேன். தாழ்ப்பாள் நகர்ந்தது அதிர்வுல. சரி. டிரம்மு நகர்ந்தது, தரை வாட்டமா இருக்கும். சரி. அந்தச் சணல் உருண்டைதான் இடிக்குது..."

"மச்சான், வெயிலு உங்களுக்குத் தலைக்கு ஏறிருச்சு."

எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் இருளம்மாள் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். அவளும் அதே கம்பெனிதான். லீவு நாளிலும் வெறுங்கையாக இருக்க மாட்டாள். தெருவே தூங்கினாலும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்த இடத்தை விட்டு எழமாட்டாள். மாரிக்கண்ணனுக்குத் திடீரென்று அது உறைத்தது.

"யக்கா! நீங்க மத்தியானமெல்லாம் இங்கனதான இருக்கீக? எங்க வீட்டுக்குள்ள எவனும் நுழைஞ்சதப் பாத்தீகளா?"

இருளம்மாள் உருட்டிய குழாயைத் தட்டில் வைத்தாள்.

"வெளியாளு ஒருத்தரும் வரலையே."

"அப்ப கதவு எப்படித் தொறக்குது?"

இருளம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். விளையாடுகிறாரோ என்று அருணாதேவியையும் பார்த்தாள்.

"ரெண்டு மணிக்குத் தீப்பெட்டிக் கம்பெனிச் சங்கு ஊதுனதும் நீதானப்பா கண்ண மூடிக்கிட்டே எந்திரிச்சு, கம்பெனி ரூம்ல செய்யுற மாதிரி ரெண்டு கதவையும் விரியத் தொறந்து வச்சிட்டுத் திரும்பப் படுக்குறே, லீவு முடியுற வரைக்கும் நீ இந்த மரத்தடியில வந்து படு, அவ உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிடட்டும், ஆடு வராது."