எதிர்க்கடைக் கரும்பலகை

"டெய்லரே, அந்தப் பேப்பரக் கொஞ்சம் குடுங்க. பாத்துட்டுக் கொண்டாந்து குடுத்துடறேன்" என்று தக்காளித் தோட்டக்கார மாதப்பன் கையை நீட்டியதும், சின்னப்பராஜின் கால் தையல் மிஷினின் மிதியிலேயே நின்றுவிட்டது.

"இங்கயே குந்திப் படியேன். பெஞ்சு சும்மாதான கெடக்குது?"

"பாய் கடையில எல்லாரும் காத்துட்டு இருக்கறாங்க."

பேப்பர் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனது. காசு கொடுத்து வாங்கியவர் இந்தப் பக்கம், படிக்கிறவர்கள் அந்தப் பக்கம். சின்னப்பராஜுக்குப் பொறாமையாக இருந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

காரிமங்கலத்தில் சாயங்காலமானால் ஊர் நியாயம் முழுவதும் அவர் தையல் கடையில்தான் நடக்கும். அவர் செய்தியைச் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் பேசுவார்கள். அவர் குறுக்கே பேசுவார். கடைசியில் தீர்ப்பும் அவரே சொல்வார். கழுத்தில் இஞ்சு டேப்பைப் போட்டுக்கொண்டு பேசுகிறவரை எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அன்வர் பாஷா எதிரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்ட பிறகுதான் வந்தது வினை. ரிப்பேர் முடிந்த ரேடியோக்காரர்களின் பெயர் எழுத அவர் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார். அதன் கீழே யாரோ, 'தக்காளி விலை இப்படி விழுந்தால் குடியானவன் என்ன பண்ணுவது?' என்று எழுதிவிட்டுப் போனார்கள். வேறு யாரோ பதில் எழுதினார்கள். பதிலுக்குப் பதில் வந்தது. பாலக்கோடு பஸ்ஸுக்குப் போகிறவர் காலையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் சாயங்காலம் வந்து மறுமொழியைப் படித்துக்கொள்ளலாம். பெயர் போட வேண்டியதில்லை. முக்கியமாக, சின்னப்பராஜ் குறுக்கே பேச முடியாது. சீக்கிரமே பேச்சு மொத்தமும் பலகைக்குக் குடிபோய்விட்டது.

"போனாப் போவட்டும் வுடுங்க" என்றாள் அவர் மனைவி ராஜமேரி. "இந்தப் பெஞ்சுல குந்திக்கிட்டு நாயம் பேசனவங்கள்ல ஒருத்தராவது ஒரு சட்ட தெக்கக் குடுத்திருப்பாங்களா?"

"உனக்கு அதெல்லாம் புரியாது."

"உங்க வயித்தெரிச்சல் மட்டும் நல்லாப் புரியுது."

மறுநாள் அவர் கெட்டியான நூலால் பேப்பரைப் பெஞ்சுக் காலோடு சேர்த்துக் கட்டிவைத்தார். இனி படிக்க வேண்டுமென்றால் இங்கே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். சாயங்காலம் மாதப்பன் இன்னொருவரைத் துணைக்குக் கூட்டி வந்து, பெஞ்சின் ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையை அவரிடம் கொடுத்து, பேப்பரோடு தெருவைக் கடந்தார்.

"பாய் கடையில குந்தறதுக்கும் எடமில்லைங்க, டெய்லரே. நல்ல மனசு உங்களுக்கு!"

நல்ல மனசுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு காஜா எடுத்தார்.

அடுத்து, தன் கடை வாசலில் அவரும் ஒரு கரும்பலகை மாட்டினார். பாஷாவின் பலகையைவிடப் பெரியது. மேலே விதிமுறை எழுதினார்: 'எழுதுவோர் முதலில் கடைக்காரரிடம் வாசித்துக் காட்டவும்.' கீழே ஆத்திரத்தில் ஒரு கேள்வி: 'இந்த ஊர்க்காரர்களுக்குச் சொந்தபுத்தி இருக்கிறதா?'

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கீழே பதில் இருந்தது. 'இருக்கிறது. பாஷா கடைப் பலகையில் காண்க.'

இனி உள்ளே புகுந்து கெடுப்பதுதான் வழி என்று சின்னப்பராஜ் தீர்மானித்தார். பலகையில் ஒரு சண்டையை மூட்டிவிட்டால் அடிதடியாகும், பாஷா பயந்துபோய்ப் பலகையைக் கழற்றிவிடுவார். பாஷா மத்தியானத் தொழுகைக்குப் போனதும் தெருவில் ஆளில்லாத வெயிலில் போய், இடது கையால் எழுதினார்: 'தக்காளி விலை விழுந்ததற்குக் காரணம் தக்காளி போட்டவர்களே. இப்படிக்கு, உண்மை விளம்பி.'

மறுநாள் அடிதடிக்குப் பதில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'உண்மை விளம்பி சொல்வது சரி. மழை பெய்யாததற்கும் குடை வாங்காதவர்களே காரணம். இப்படிக்கு, சாமானியன்.'

சின்னப்பராஜ் விடவில்லை. உண்மை விளம்பி சீறினார், சாமானியன் சிரித்தார். ஒகேனக்கல் தண்ணீர், பஸ் கட்டணம், சர்க்கரை ஆலைக்குப் போன கரும்பு என்று சண்டை வளர வளரக் கூட்டமும் வளர்ந்தது. சந்தைக்கு வந்தவர்கள் சாமான் வாங்க மறந்து நின்றார்கள். கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள்.

ஒருநாள் பாஷாவே தெருவைக் கடந்து வந்தார்.

"டெய்லரண்ணே, ஒரு ஒதவி. உண்மை விளம்பிக்கும் சாமானியனுக்கும் எழுத எடம் பத்தல. உங்க பலக சும்மாதான மாட்டியிருக்குது?"

முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லத் தெரியாத மனுஷர், தானே கழற்றிக் கொடுத்தார். பேப்பர் போனது, பெஞ்சு போனது, இப்போது பலகையும் போனது.

அதைக்கூடப் பொறுத்திருப்பார். அன்று ராத்திரி சோறு போடும்போது ராஜமேரி, "அந்தச் சாமானியன் யாருங்க? என்னமா எழுதறாரு! தண்ணிக்குப் போறப்ப நின்னு படிச்சிட்டுத்தான் போறேன்" என்றாள்.

"உண்மை விளம்பி எழுதறதப் படிக்கிறதில்லையா?"

"படிக்கறேன். பாவம், அந்த ஆளுக்கு வூட்ல என்ன கஷ்டமோ."

அன்றோடு பாஷா மேல் இருந்த பொறாமை அப்படியே சாமானியன் மேல் இடம் மாறியது. மறுநாள் மத்தியானம் வெட்டுத்துணி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போய், சாமானியன் எழுதியதைச் சுத்தமாக அழித்தார். அடுத்த நாள் அதே விஷயம் இன்னும் நன்றாக எழுதியிருந்தது. அதையும் அழித்தார். அது இன்னும் நன்றாக வந்தது. சாமானியனை அழித்து அழித்துத் தேர்ந்த எழுத்தாளராக்கிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தபோது சின்னப்பராஜுக்கு அழுகை வந்தது.

கடைசியில் அவர் உட்கார்ந்து யோசித்து, சர்க்கரை ஆலையைப் பற்றி ஒரு பதில் எழுதினார். திட்டு இல்லை, சீறல் இல்லை, உண்மையிலேயே அருமையான பதில். மாதப்பன் அதைக் கூட்டத்துக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். சின்னப்பராஜ் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுப் பூரித்துப்போனார். மறுநாள் பார்த்தால் அந்தப் பதில் இருந்த இடம் துடைத்துக் கிடந்தது.

நேராகப் பாஷா கடைக்குள் போனார்.

"ஒரு மனுசன் கஷ்டப்பட்டு எழுதினத நீ எப்பிடி பாய் அழிக்கலாம்?"

"நான் எதையும் தொடறதில்லைங்கண்ணே. யாரு எழுதினதச் சொல்றீங்க?"

"அந்த... உண்மை விளம்பி எழுதினத."

"அவரு உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?"

"யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அந்தக் கோபத்தில் தைத்த ஒரு பேண்ட்டுக்கு ஒரு கால் கணுக்கால் வரைக்கும், மறுகால் முழங்கால் வரைக்கும் வந்தது. ராஜமேரி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"உங்களுக்கு மனசுல எதோ அடச்சிக்கிட்டு இருக்குது. மாதா கோவில்ல சாமியாரு பாவசங்கீர்த்தனம் கேக்கறாரு. போயி செஞ்ச பாவத்தச் சொல்லிட்டு வாங்க. இல்லைன்னா ஊரே நொண்டி பேண்ட்டோட திரியும்."

சின்னப்பராஜ் போனார். மரக்கூண்டு போலிருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார். ஓட்டைகள் போட்ட தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியார் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொறாமைங்க சாமி."

"யாரு மேலப்பா?"

"மொதல்ல பாஷா பாய் மேல. அவரு பலகைக்குப் போட்டியா நானும் பலக வெச்சேன்."

"ம்."

"அப்புறம் அந்தச் சாமானியன் மேல. அந்த ஆளு எழுதறதப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு எரியுது. மத்தியானத்துல போயி துணி வெச்சி அழிச்சிட்டேன், சாமி. ஒருதரம் இல்ல, பலதரம்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"நீயா அழிச்ச?"

"நான்தான் சாமி. அதோட, உண்மை விளம்பிங்கற பேர்ல எழுதறதும் நான்தான்."

நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது. பாவம் அவ்வளவு பெரியதா, அபராதமாக எத்தனை ஜெபமாலை சொல்லச் சொல்வாரோ என்று சின்னப்பராஜ் கணக்குப் போட்டார். சாமியார் எழுந்து வெளியே வந்து அவர் தோளைத் தொட்டார்.

"எந்திரிப்பா சின்னப்பராஜ், அந்த எடத்துல இப்ப நான் முட்டி போடணும். சர்க்கர ஆலையப் பத்தி நீ எழுதினதப் பாத்து வயிறெரிஞ்சி, அத அழிச்ச சாமானியன் நான்தான்."