ரிக் வண்டியும் காணாமப் போன மாப்பிள்ளையும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு வெப்சைட்டோட பின்னணியில ஒரு போட்டோ வைக்கணும். அவ்வளவுதான்.

திருச்செங்கோட்டுல போர்வெல் போடற ரிக் வண்டி வச்சிருக்கற சண்முகம் அண்ணனுக்காகச் செஞ்ச வெப்சைட். நான் சேலத்துல வீட்ல உட்கார்ந்து இந்த மாதிரி வேலை செய்யறவ. பெரிய டிசைனர்னு விசிட்டிங் கார்டுல நானே போட்டுக்கிட்டிருக்கேன்.

அவர் அனுப்பின போட்டோ பிரமாதம். புது ரிக் வண்டி, மாலையும் எலுமிச்சம்பழமுமா, நீளவாக்குல முழுசா. இடது கோடியில, கேபின்கிட்ட, சண்முகம் அண்ணன். வலது கோடியில அவரோட பார்ட்னர் பழனிச்சாமி அண்ணன். பார்ட்னர் மட்டும் இல்ல, அவர் சம்சாரத்தோட தம்பி. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வண்டி நீளம்.

என் மானிட்டர் நல்லா அகலமானது. போட்டுப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஜம்முனு நின்னாங்க. வெப்சைட் கோடிங்ல 'கவர்'னு ஒரு வார்த்தை எழுதினா படம் எந்த ஸ்கிரீனா இருந்தாலும் தானா நிரம்பிக்கும். எழுதினேன். லிங்க்கை அனுப்பிட்டு டீ போடப் போயிட்டேன்.

டீ கொதிக்கல. போன் கொதிச்சுது!

"ஏனுங்க அம்மிணி, என்னையப் பங்குல இருந்து எடுத்துப்போட்டாங்களா?" பழனிச்சாமி அண்ணன்.

"என்னண்ணா சொல்றீங்க?"

"மாமா நிக்கறாரு. வண்டி நிக்குது. நான் எங்கீங்க? மாமா இத சொந்தக்காரங்க குரூப்புல வேற போட்டுட்டாரு. ஆட்டையாம்பட்டிப் பெரியப்பா கூப்புட்டு, எப்படா பங்கு பிரிச்சீங்கன்னு கேக்கறாருங்க!"

என் போன்ல பார்த்தேன். நிஜந்தான். போன் குறுகலா, நெட்டையா இருக்கு. உயரத்தை நிரப்பின படம் அகலத்துல வழியுது. வழியறதை எந்தப் பக்கம் வெட்டணும்னு நான் சொல்லவே இல்ல. அது பாட்டுக்கு வலது பக்கத்தை வெட்டிருச்சு. போர் போடக் கூப்பிடறவங்க யாரும் என்னை மாதிரி அகல மானிட்டர்ல பார்க்க மாட்டாங்கன்னு அப்பத்தான் உறைச்சுது.

படத்தை வலது பக்கமா ஒட்ட வச்சேன். பழனிச்சாமி அண்ணன் வந்துட்டார்.

அடுத்த போன் சண்முகம் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "அம்மிணி, மறைக்காம சொல்லுங்க. என்னைய எடுக்கச் சொன்னது மாப்ளதானுங்களே?"

"ஐயோ, இல்லண்ணா!"

சரி, நடுநிலையா இருப்போம்னு படத்தை நடுவுல நிறுத்தினேன். டீசல் டேங்க்கும் ரெண்டு டயரும் தெரிஞ்சுது. மனுஷங்க யாருமே இல்ல. குரூப்புல ஒருத்தர், 'வண்டி என்ன விலைக்குத் தர்றீங்க?'ன்னு கேட்டுட்டார்.

இழுத்துச் சுருக்கி மொத்தப் படத்தையும் போனுக்குள்ள அடைச்சேன். ரெண்டு பேரும் தெரிஞ்சாங்க, முருங்கைக்காய் மாதிரி. "மாமாவுக்கு சுகர் எம்புட்டுங்க?"ன்னு குரூப்புல விசாரிப்பு ஆரம்பிச்சுது.

படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன். மிச்ச இடத்துல அதே படம் திரும்பத் திரும்ப வந்துருச்சு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, வரிசையா ரிக் வண்டிங்க!

"ஏனுங்க அம்மிணி, நம்மகிட்ட இருக்கறது ஒரு வண்டிங்க. இன்கம்டாக்ஸ்காரங்க பாத்தா என்னாகறது?" மறுபடி சண்முகம் அண்ணன்.

அதுக்கப்புறம் கூப்பிட்டது செல்வி அக்கா. சண்முகம் அண்ணனோட சம்சாரம். அக்கா சிரிக்கற நிலையில இல்ல.

"கண்ணு, தம்பி ஷெட்டுக்கு வரல. போனையும் அணைச்சுப்போட்டான். இவரு, வராட்டிப் போறான்னு உக்காந்திருக்காரு. அந்தப் பக்கம் நிக்கறது எங்கூட்டுக்காரரு. இந்தப் பக்கம் எங்கூடப் பொறந்தவன். ரெண்டு பேரும் பிரிஞ்சா நான் எங்க கண்ணு போயி நிப்பேன்?"

எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு குடும்பத்தையே வெட்டிட்டு டீ குடிச்சுக்கிட்டிருக்கேன்!

"தப்பு என் மேலதான்க்கா. வேற போட்டோ எடுத்து அனுப்புங்க. ரெண்டு பேரும் வண்டி முன்னாடி, நட்ட நடுவுல, ஒட்டி நிக்கணும். அப்பத்தான் போன்ல வெட்டாது."

"ஒட்டியா? இன்னைக்கா? இருங்க கண்ணு. நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் போட்டோ வந்துச்சு. ரெண்டு பேரும் நடுவுலதான் நின்னாங்க. ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பு இல்ல. ஒட்டி நிக்கவும் இல்ல. நடுவுல செல்வி அக்கா, இந்தக் கையில புருஷன் மணிக்கட்டு, அந்தக் கையில தம்பி மணிக்கட்டு. தப்பிச்சு ஓட வழியே இல்ல.

மானிட்டர்ல போட்டேன். மூணு பேரும் அருமை. பயந்துக்கிட்டே போன்ல திறந்தேன்.

அக்கா முழுசா, அம்சமா இருந்தாங்க. இந்தப் பக்கம் சண்முகம் அண்ணனோட ஒரு தோள். அந்தப் பக்கம் பழனிச்சாமி அண்ணனோட ஒரு தோள். அளந்து வெட்டின மாதிரி சரிசமமா!

உடனே அக்காவைக் கூப்பிட்டு, போன்ல திறந்து பார்க்கச் சொன்னேன். ஸ்பீக்கர்ல போட்டாங்க.

சண்முகம் அண்ணன் தொண்டையைச் செருமினார். "நல்லா... இருக்குதுங்க அம்மிணி."

பின்னாடி இருந்து பழனிச்சாமி அண்ணன். "ஆமாங்க. மாமா சொன்னாச் சரிதானுங்க."

"ரெண்டு பேரும் சொல்லிட்டாங்கல்ல?" இது அக்கா. "இதுல ஒண்ணையும் மாத்திப்போடாதீங்க கண்ணு."

எல்லா ஸ்கிரீனுக்கும் பொருந்தற படம்னா என்னன்னு அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்: அதைக் குறை சொல்ல யாருக்கும் தைரியம் வரக் கூடாது.