மாப்பிள்ளையையும் என்ஜினையும் எப்போது அழைத்துப் போகிறீர்கள்

தென்காசி,
வியாழக்கிழமை.

கிறிஸ்துவுக்குள் பிரியமான சம்பந்தி வேதமாணிக்கம் அண்ணாச்சி அவர்களுக்கு, ஞானதுரை அநேக ஸ்தோத்திரங்களோடு எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். தூத்துக்குடியில் தாங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை, ஏனென்றால் உங்கள் மகன் இங்கேதான் இருக்கிறார்.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். போனில் பேசலாம்தான். ஆனால் என் போனின் ஸ்பீக்கரை மாப்பிள்ளை கழற்றிப் படகுக்கு ஹாரனாக வைத்திருக்கிறார். மனைவி ரெபேக்காளின் போனில் நான் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். ஆகவே பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பெண்ணைப் பெற்றவன் தலைப்பிரசவம் முடிந்ததும் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது உலக வழக்கம்: குழந்தையையும் தாயையும் எப்போது வந்து அழைத்துப் போகிறீர்கள் என்று. நான் கேட்பது, உங்கள் மகனை எப்போது வந்து அழைத்துப் போகிறீர்கள் என்பது. பெர்சிஸைப் பிரசவத்துக்கு விட வந்தவர் உங்கள் பெலிக்ஸ். விட்டுவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்புவார் என்றுதான் நாங்கள் பலகாரமே செய்தோம். அவர் வந்த வேனில் முன்னால் என் மகள், பின்னால் ஒரு படகு என்ஜின். என் மகள் தானாக இறங்கினாள். என்ஜினைத்தான் நாலு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள், "பாத்து, பாத்து" என்று மாப்பிள்ளை கூடவே ஓடினார். இப்போது பேத்தி குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கவும் ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர் படகு என்ஜின் கண்டுபிடிக்கத் தென்காசிக்கு ஏன் வந்தார் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். உங்கள் ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் படகு தெரியும், கேள்வி கேட்பார்கள். இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது, கை தட்டுவார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் பாதியை பிளாட் போட்டு விற்றாயிற்று. மீதிப் பாதியில் ஆகாயத்தாமரை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் தெரியும். அந்தத் தண்ணீரில் முத்துச்செல்வம் என்று ஒருவர் சீசனுக்குக் குத்தகை எடுத்துக் கால் மிதிக்கிற படகு விடுகிறார். குற்றாலத்தில் கூட்டம் தாங்காமல் இந்தப் பக்கம் ஒதுங்குகிற ஜனம் அதில் ஏறி, தாமரையில் மாட்டி, கத்தி, கயிறு போட்டு இழுக்கப்பட்டு, சந்தோஷமாகப் போகும். இதைப் பார்த்த மாப்பிள்ளை என்னிடம் வந்து, "மாமா, இந்தக் கொளந்தான் எனக்கு லேபாரட்டரி" என்றார். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஒன்றைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லா இருக்கு மாப்பிள்ளை என்பதைத் தவிர வேறு பதில் எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. நானும் அதையே சொன்னேன். என் கஷ்டகாலம் அந்த வாயிலிருந்துதான் புறப்பட்டது.

முதல் கண்டுபிடிப்பு, விசிறி இல்லாத என்ஜின். சாதாரணமாகப் படகுக்குப் பின்னால் தண்ணீருக்குள் ஒரு விசிறி சுற்றும் அல்லவா, அதில் தாமரைத் தண்டு சுற்றிக்கொள்கிறது என்று விசிறியையே எடுத்துவிட்டு, முத்துச்செல்வத்திடம் வாங்கிய ஒரு பழைய படகின் அடியில் ஒரு வாயால் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்க வாயால் பீச்சி அடிக்கிற மாதிரி செய்தார். அந்த வேகத்தில் படகு முன்னால் பாயுமாம். படகைப் பனைமரத்தில் கட்டிப்போட்டு ஓட்டிப் பார்த்தார். உறிஞ்சியது உண்மை. தண்டு, பாசி, ஒரு கெளுத்தி மீன், யாரோ குளிக்க வந்தவர் நனைத்து வைத்த துண்டு, எல்லாவற்றையும் உறிஞ்சியது. பீச்சியதும் உண்மை. கரையைத் தாண்டி இசக்கிமணியின் வயலில் போய் விழுந்தது தண்ணீர். கயிற்றை அவிழ்த்த பிறகும் படகு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முன்பக்கம் சேற்றில் புதைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இசக்கிமணி மண்வெட்டியோடு வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் செருப்பைத் தேடினேன். அவரோ, "அண்ணாச்சி, நல்ல மோட்டாரா இருக்கே. தெக்கால வயலுக்கும் கொஞ்சம் திருப்பி விடச் சொல்லுதியளா?" என்றார். மறுநாள் கீழ்மடையில் வயல் வைத்திருப்பவர்கள் திரண்டு வந்து, ரிட்டயர்டு அதிகாரி ஒருவர் படகு என்ற பெயரில் குளத்துத் தண்ணீரைத் திருடுகிறார் என்று என் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் ஏறி டிக்கெட் இல்லாதவனைப் பிடித்து இறக்கிய செக்கிங் இன்ஸ்பெக்டர் நான். என்னைத் திருடன் என்கிறார்கள். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து, "பிரஷர் அவ்வளவு தூரம் போயிருக்கு மாமா, பாத்தியளா" என்று மகிழ்ந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது, ஸ்டியரிங். உலகத்தில் வண்டி என்று இருந்தால் அதைத் திருப்ப ஒரு வட்டமோ ஒரு கம்போ இருக்கும். மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. சீட்டுக்குக் கீழே கம்பி கொடுத்து, உட்கார்ந்திருப்பவர் வலது பக்கம் சாய்ந்தால் படகு வலது பக்கம், இடது பக்கம் சாய்ந்தால் இடது பக்கம் என்று ஏற்பாடு செய்தார். கைக்கு வேலையே இல்லையாம், சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே ஓட்டலாமாம். என்னையும் ரெபேக்காளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினார். இந்த முறை படகு நகர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெபேக்காளின் சரீரம் உங்களுக்குத் தெரியும். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் படகு அந்தப் பக்கமே சுற்றியது. நடுவில் உட்காருங்கள் அத்தை என்றார், உட்கார்ந்தாள், நேராகப் போனது. அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு குரங்கு எங்கள் பையைப் பிரித்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்தது. "ஏ மூதி, வைய்யி அதை" என்று ரெபேக்காள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். படகு குரங்கை நோக்கிப் புறப்பட்டது. பயந்துபோய் அவள் இன்னும் எட்டினாள், அது இன்னும் வேகமாகப் போனது. நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன், அண்ணாச்சி, என் எடைக்கு அது மதிப்பே கொடுக்கவில்லை. கரையில் மோதி நின்றோம். குரங்கு பொட்டலத்தோடு இரண்டடி தள்ளி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. மாப்பிள்ளை திரும்பி, "எப்படி மாமா?" என்றார். நெற்றியைத் தடவிக்கொண்டே நல்லா இருக்கு மாப்பிள்ளை என்றேன்.

மூன்றாவதைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சம்பந்தியிடம் மறைக்கக் கூடாது. என்ஜின் என்றால் புகை வரும், புகை போகக் குழாய் வேண்டும். குற்றாலத்தில் அருவியில் நனைந்து, சாரலிலும் நனைந்து வருகிறவர்களுக்குப் படகில் உட்கார்ந்தால் குளிருமே என்று மாப்பிள்ளைக்கு இரக்கம் பிறந்துவிட்டது. சூடான புகைக் குழாயை சீட்டுக்கு அடியில் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் தண்ணீருக்குள் விட்டார். சத்தமும் குறையும், சீட்டும் கதகதப்பாக இருக்கும், இது உலகத்திலேயே இல்லை என்றார். இருக்காது, ஏனென்றால் உலகத்தில் மற்றவர்களுக்கு மாமனார் உண்டு, ஆனால் உட்கார்ந்து பார்க்கச் சம்மதிக்கிற மாமனார் இல்லை. நான் உட்கார்ந்தேன். குளத்தின் நடுவே போகும்வரை சுகமாகத்தான் இருந்தது. பிறகு இளஞ்சூடு, பிறகு தோசைக்கல். "சூடு போதுமா மாமா?" என்று கேட்டார். போதும் மாப்பிள்ளை என்றேன். "இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?" என்றார். உங்க இஷ்டம் மாப்பிள்ளை என்று சொன்னேன், அண்ணாச்சி. கர்த்தர் சாட்சி, சொன்னேன். வேட்டியில் குழாயின் வடிவம் அப்படியே பழுப்பாக விழுந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

வீட்டில் ஒருவராவது என் பக்கம் உண்டா என்றால் இல்லை. பெர்சிஸ், "அப்பா, அவுக எவ்வளவு மெனக்கெடுதாக, நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையுதிய" என்கிறாள். ரெபேக்காள் சபையில் வியாதியஸ்தர்களுக்கான ஜெபத்தில் என்ஜினையும் சேர்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒரு மனுஷருக்கும் சாகக் கிடக்கிற ஓர் ஆச்சிக்கும் நடுவில், பெலிக்ஸ் தம்பியின் என்ஜின் என்று பாஸ்டர் வாசித்தார், சபையே ஆமென் சொன்னது. வீட்டில் பின்கட்டுத் தொட்டியில் அந்த என்ஜினை மாட்டிக் காலையும் மாலையும் ஓட்டுகிறார்கள். பேத்தி அந்தச் சத்தம் கேட்டால்தான் தூங்குகிறாள். தாலாட்டுப் பாடிப் பார்த்தேன், அழுதாள். அக்கம்பக்கத்தார் முன்பு எங்கள் வீட்டை இன்ஸ்பெக்டர் வீடு என்று அடையாளம் சொல்வார்கள். இப்போது படகு வீடு என்கிறார்கள்.

போன வாரம் படகுக்கு அனுமதி தருகிற ஆபீசர் பார்வையிட வந்தார். பயணிகள் எல்லோரும் மிதவைச் சட்டை போட வேண்டும் என்று கரையில் நின்று அரைமணி நேரம் பேசினார். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் சார் என்றதற்கு, இஸ்திரி கலையும் என்று மறுத்துவிட்டு ஏறினார். பீச்சுகிற வாய் எப்படியோ மேல்நோக்கித் திரும்பிவிட்டது. இஸ்திரி போனது, சட்டைப் பையில் இருந்த செல்போன் போனது, அனுமதியும் போனது. மாப்பிள்ளை அவர் கையில் காலில் விழுந்து இன்னொரு தரம் பார்க்க ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை மறுபடி வருகிறார். கொச்சியிலிருந்து ஒரு படகுக் கம்பெனிக்காரரும் வருகிறாராம். நிச்சயமாகத் தோற்கும், அண்ணாச்சி. தோற்றால் அடுத்த சீசன்வரை இங்கேயே இருந்து சரிசெய்வேன் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அடுத்த சீசன்வரை என் உடம்பில் உட்காருகிற இடம் மிஞ்சாது.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, உங்கள் பட்டறையில் ஆள் இல்லை, அம்மாவுக்கு முடியவில்லை, எதையாவது சொல்லி மாப்பிள்ளையையும் என்ஜினையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். நான் போகச் சொல்ல முடியாது, முறையல்ல. பெர்சிஸும் குழந்தையும் மெதுவாக வரட்டும், அவசரமே இல்லை. மதினிக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, முக்கியமாக இந்தப் பக்கமாக வருகிற வரத்தை.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
அ. ஞானதுரை

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை படகு ஓடிவிட்டது. சீட்டில் சாய்கிற வேலையை எடுத்துவிட்டு ஒழுங்காகக் கைப்பிடி வைத்து, புகைக் குழாயை சீட்டை விட்டு விலக்கி நேரே தண்ணீருக்குள் இறக்கியிருந்தார். தாமரைக்குள் புகுந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தது, சத்தமே இல்லை. ஆபீசர் நனையவில்லை, கையெழுத்துப் போட்டார். கொச்சிக்காரர், "கொள்ளாம், கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சி மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். கம்பெனியில் வேலை, குடியிருக்க வீடு, குடும்பத்தோடு உடனே வர வேண்டுமாம். பெர்சிஸ் அன்றைக்கே சேலைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ரெபேக்காளும் கூடப் போகிறாளாம். "நீங்க தனியா இருந்துக்கிடுவியல்லா?" என்று கேட்டாள். இருந்துக்கிடுவேன் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றேன். எனக்குத் தாங்கவில்லை, அண்ணாச்சி. அவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னை அப்பா என்று கூப்பிட ஆள் இல்லை, மாமா என்று கூப்பிடவும் ஆள் இல்லை.

கொச்சிக்காரர் இன்னொரு தரம் ஓட்டி வீடியோ எடுத்த பிறகுதான் படகை ஏற்றிக்கொண்டு போவேன் என்று லாட்ஜில் காத்திருக்கிறார். ஆனால் கைப்பிடியையும் பீச்சுகிற வாயையும் சேர்க்கிற ஒரு சின்னப் பித்தளைப் பின் காணாமல் போய்விட்டது. மாப்பிள்ளை நேற்றிலிருந்து தேடுகிறார். நானும் அவர் கூடவே குனிந்து குனிந்து தேடுகிறேன். புதிதாகக் கடைந்து வாங்கலாம் என்றார். கடைசல் பட்டறைக்காரர் நம் சபைதான், அவரிடம் பேசிவிட்டேன், கையில் நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். தாங்கள் முறைப்படி வந்து அழைக்காமல் குழந்தை இங்கிருந்து கிளம்பக் கூடாது அல்லவா, ஆகவே தாங்களும் இந்த மாதம் தோதுப்படாது என்று மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டைப் பையைக் காலி செய்துவிட்டுச் சட்டையைத் துவைக்கப் போடச் சொல்லி ரெபேக்காள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். குளிக்கப் போகும்போதுகூட நான் அதைக் கழற்றி வெளியே வைப்பதில்லை.