குகைக்குள் நாலு பேர்

குகை வாசலோடு மூன்று வீரர்களும் நின்றுவிட்டார்கள். உள்ளே புதையல் இருக்கிறது என்று சுஃபியான் ஆசை காட்டியும் பலனில்லை.

"தீப்பந்தத்தோடயா?" என்றார் செல்லப்பாண்டி. "அதை அணைங்க பாய், உள்ள போவோம்."

"அணைச்சா இருட்டு அண்ணாச்சி. கால் இடறிச் செத்துருவீக."

"எரிஞ்சு சாகுறதுக்கு அது தேவல."

விருதுநகரில், வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மேல் மாடியில், ஞாயிறு மதியம் நடக்கும் கதை விளையாட்டு அது. நடத்துகிறவர், அதாவது சுஃபியான், சூழ்நிலையைச் சொல்ல வேண்டும். வீரர்கள் தாங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். பகடையை, விளையாட்டை வெளியிட்ட பதிப்பகம் கொடுத்த சாப்ட்வேர் உருட்டிவிடும். அச்சங்குளம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் செல்லப்பாண்டியும், அவர் மனைவி யோகேஸ்வரியும், லேபிள் அச்சடிக்கும் மணிகண்டராஜும்தான் வீரர்கள்.

ஒரு கதையையாவது முடித்துக் காட்டினால் 'மாவட்ட நடத்துநர்' பட்டம் என்று சென்னைப் பதிப்பகம் சொல்லியிருந்தது. கெடு இன்றோடு சரி. சுஃபியான் விசிட்டிங் கார்டே அடித்துவிட்டான். திறமை பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

செல்போனை ஸ்பீக்கரில் போட்டுப் பதிப்பகத்தின் உதவிப் பிரிவைக் கூப்பிட்டான்.

"பந்தத்துக்குப் பதிலா ஒளிரும் கல் இருக்கு சார், அதை அமுக்குங்க," என்றாள் அங்கிருந்த பெண். "நான் லைன்லயே இருக்கேன்."

கல் ஒளிர்ந்தது. உள்ளே போனார்கள். டிராகன் நெருப்பைக் கக்கியது.

"ஓடுங்க!"

செல்லப்பாண்டி நிஜமாகவே படியிறங்கி ஓடினார். மற்ற இருவரும் அவர் பின்னால். தெருமுனை டீக்கடை வரை போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தான் சுஃபியான்.

"மேடம், நெருப்பை எடுக்க முடியுமா?"

"நெருப்புன்னு இருக்கற கட்டத்துல டிக்கை எடுத்துருங்க சார்."

எடுத்தான். டிராகன் வாயிலிருந்து புகை மட்டும் வந்தது.

"நெருப்பில்லாமப் புகையா? உள்ள கனிஞ்சிக்கிட்டு இருக்கு! அதுதான் ரொம்ப மோசம்!" என்று எழுந்தார் செல்லப்பாண்டி.

மறுபடியும் படிக்கட்டு. மறுபடியும் டீக்கடை.

இந்த முறை டிராகனைத் தூங்க வைத்தான்.

"வேலை நேரத்துல தூக்கமா? இது எந்தக் கம்பெனி ஆளு?" என்றாள் யோகேஸ்வரி.

செல்லப்பாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. "பாய், உள்ள எம்புட்டுப் பேரு இருக்காக?"

"நீங்க மூணு பேரு, வழிகாட்டிக் குள்ளன், டிராகன்."

"அஞ்சா! எங்க ஆலைச் சட்டப்படி ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல ஆகாது. குள்ளனை வெளிய அனுப்புங்க."

அனுப்பினான்.

"ரெண்டு பக்கமும் வாசல் வைங்க."

வைத்தான்.

"அங்கன மணல் வாளி. டிராகன் வாயில ஈரச்சாக்கு."

போட்டான்.

"ஏலே மணி, புதையல் பெட்டியை இழுக்காத, உரசும்! தூக்குலே!"

மணிகண்டராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறுங்காற்றைத் தூக்கினான். யோகேஸ்வரி கண்ணைப் பொத்திக்கொண்டாள். அடுத்து என்ன நடக்கும் என்று சுஃபியானுக்கே தெரியவில்லை.

பெட்டி வெளியே வந்தது. 'கதை நிறைவு' என்றது கம்ப்யூட்டர். மாடியே அதிரக் கைதட்டினார்கள்.

சுஃபியான் காலரைச் சரிசெய்துகொண்டு போனை எடுத்தான். "மேடம், நடத்தி முடிச்சிட்டேன்!"

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் சார் இருந்தேன். பட்டம் உறுதி. பட்டத்துல போடப் பேரு கேக்கணும், அந்த மணல் வாளி சார்கிட்டப் போனைக் குடுங்க."