வெடி வைத்துப் பார்த்த வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். குழாயைத் திறந்து பார்ப்பார்கள். விவரமானவர்கள் மழைக்காலத்தில் போய் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பார்கள். நான் வெடி வைத்துப் பார்த்தேன். நம்பாதவர்களை என் மனைவி ராணியிடம் அனுப்பிவிடுகிறேன். அவள் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வாள் (கொஞ்சம் கூட்டியும் சொல்வாள்).

அப்போது ராணி மாசமாக இருந்தாள். நான் சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையில், எங்கள் பக்கம் சொல்வதுபோல் பயர் ஆபீஸில், விற்பனைப் பிரிவில் இருந்தேன். ஆர்டர் பிடிக்கும் சீசன் வந்தால் பாட்னா, கட்டாக் என்று கிளம்பிவிடுவேன். திரும்பி வர மாசக்கணக்காகும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போக ராணிக்குத் தாய் இல்லை. ஆமத்தூர் வீட்டில் அவள் அப்பா மட்டும்தான். என் அம்மாவால் காரியாபட்டியில் அண்ணன் பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாது. ஆக, நான் ரயில் ஏறுவதற்குள் ஒரு வீடு வாங்கி, அவளைக் குடிவைத்துவிட்டுப் போக வேண்டும்.

இரண்டு வீடுகள் தேறின. ஒன்று ஊருக்குள் இருந்த பழைய அடுக்குமாடி. மொத்தமே எட்டு வீடுகள்தான். கோட்டைச் சுவர், பெரிய அறைகள், முன்னால் லாரி திரும்பும் அளவுக்கு இடம். இன்னொன்று விருதுநகர் ரோட்டில் புதிதாக எழும்பியது. லிப்ட் உண்டு, ஜெனரேட்டர் உண்டு, எல்லாவற்றையும்விட ஜனம் உண்டு. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வரிசையே தும்மும்.

எனக்குப் பழையதுதான் பிடித்தது. பயர் ஆபீஸில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள். ஒரு அறைக்குள் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கும். அங்கே வேலை பார்க்கிறவனுக்கு நாலு பேர் நெருங்கி நின்றாலே கை பரபரக்கும், பிரித்துவிட வேண்டும்போல.

ராணிக்குப் புதியது. "நீங்க பாட்டுக்குப் பாட்னாவுல இருப்பீக. எனக்கு வலி வந்தா யாரக் கூப்பிட? அந்தக் கோட்டச் சுவரையா?" என்றாள்.

"அங்கன நிம்மதியாத் தூங்கலாம் ராணி. புது வீட்டுல சுவரு அப்பளம். பக்கத்து வீட்டுக்காரன் கொட்டாவி விட்டாக்கூடக் கேக்கும்."

"கேட்டா என்ன, நல்லதுதான?"

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு அந்த வீட்டை வாங்கியிருப்பான். நான் கம்பெனிக்காரனாகப் பேசினேன். "வாய்ப் பேச்சு எதுக்கு? சாம்பிள் போட்டுப் பாத்துருவோம்."

எங்கள் தொழிலில் அதுதான் முறை. வடக்கே இருந்து வரும் வியாபாரிக்கு மைதானத்தில் ஒரு வெடியை வைத்துக் காட்டுவோம். சத்தம் பிடித்தால் ஆர்டர், பிடிக்காவிட்டால் டீ. வீட்டுக்கும் அதையே செய்தால் என்ன? ராணி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்க வேண்டியது. நான் கீழே ஒரு அணுகுண்டைக் கொளுத்த வேண்டியது. எந்த வீட்டில் சத்தம் குறைவோ அதுவே நம் வீடு. இதைச் சொல்லி முடித்தபோது எனக்கு என்மேல் பெரிய மரியாதை ஏற்பட்டது நினைவிருக்கிறது. ராணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய வீட்டில் சாம்பிள். ஊதுபத்தியால் திரியைப் பற்றவைத்துவிட்டு ஒதுங்கினேன். வெடித்தது. ஒரு நாய் எழுந்து, இடம் மாறிப் படுத்துக்கொண்டது. ராணி இறங்கி வந்து, "ஏதோ கதவு அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள். நூற்றுக்கு நூறு.

"ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலயே?" என்றும் கேட்டாள்.

"அதான் இந்த வீட்டோட விசேஷம்" என்றேன். எட்டில் ஐந்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

புது வீட்டைத் திறந்து காட்ட மறுநாள்தான் ஆள் இருந்தார். ராணியை அவரோடு ஐந்தாவது மாடிக்கு அனுப்பினேன். நான் கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, காலி மனை ஓரமாக அதே ரக அணுகுண்டை வைத்தேன். பாதுகாப்பு விதிப்படி பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தேன். அதுவரை எல்லாம் சரி.

எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த ஒன்று உண்டு. சரவெடி கேட்டால் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை வெடித்தால் யாரும் திரும்ப மாட்டார்கள், ஆலைகளுக்கு விடுமுறை. வேலை நாளில், பட்டப்பகலில், ஒற்றைச் சத்தம் கேட்டால் ஏதோ ஓர் ஆலையில் விபத்து என்று அர்த்தம். அன்று திங்கட்கிழமை. அது எனக்கு நினைவே இல்லை.

வெடித்தது. எல்லா பால்கனிக் கதவுகளும் திறந்தன. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தூரத்தில், வானத்தில், எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று தேடினார்கள். காதில் போன். ஒரு அம்மா "எடு, எடு" என்று போனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் நானும் அண்ணாந்து புகையைத் தேடினேன். பிறகுதான் அது என் காலடியிலிருந்து வந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். நான் கவனித்த அதே சமயம் மற்றவர்களும் கவனித்தார்கள்.

போனில் கெஞ்சிக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் இறங்கி வந்தார். பேச்சியம்மாள் என்று பெயர். கணவருக்கு ஓர் ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை. அவர் போனை எடுத்துவிட்டார் போலிருக்கிறது, அம்மாவின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"நீரு இந்த ஊருக்காரருதானா?" என்றார்.

"ஆமாக்கா. சிவகாசிதான்."

"என்ன வேல பாக்கீரு?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "பயர் ஆபீஸ்லக்கா" என்றேன்.

அவர் என் கையிலிருந்த ஊதுபத்தியைப் பார்த்தார். சுற்றி நின்ற கூட்டமும் அதையே பார்த்தது. நாலு அடி அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். என் முப்பது வருட வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை. வாளித் தண்ணீரை எடுத்து, வெடித்துச் சிதறிய காகிதத்தின்மேல் ஊற்றினேன். ஏதாவது செய்ய வேண்டுமே.

ராணி நினைவு வந்து மேலே ஓடினேன். காட்டிய வீட்டில் அவள் இல்லை. எதிர் வீட்டில், முன்பின் தெரியாத ஒருவரின் சோபாவில், காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் எலுமிச்சை ஜூஸ். ஒரு பெண் விசிறிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறாய், எத்தனையாவது மாசம் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தில் புள்ளத்தாய்ச்சி பயந்துவிடக் கூடாதே என்று வந்தவர்களாம். பயமுறுத்தியது யார் என்ற தகவலும் எனக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"இந்த வீடுதாங்க" என்றாள் ராணி.

"நம்மள உள்ள விடுவாகளா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த பேச்சியம்மாள் பதில் சொன்னார். "அந்தப் புள்ளய விடுவோம். ஒம்ம விசயத்த யோசிக்கணும்."

யோசித்து, விட்டார்கள். குடியேறிய கையோடு நான் பாட்னா போனேன். டாக்டர் குறித்த நாளுக்கு முன்பாகவே அங்கே எனக்குப் பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. ராணிக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. "அவ பக்கத்துல யாருக்கா இருக்கா?" என்றேன்.

"யாரு இல்லன்னு கேளும்" என்றார். "நர்சம்மா பாதிப் பேர வெளிய போகச் சொல்லிருக்காக."

அன்று பிறந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் குடியிருப்பில் என் பெயர் சாம்பிள் அண்ணாச்சி. வேலை நாளில் எங்காவது ஒற்றைச் சத்தம் கேட்டால், யாரும் முதலில் வானத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டு மணியை அடிக்கிறார்கள். "அண்ணாச்சி, நீங்கதான?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ராணியும் உள்ளேயிருந்து, "வெடி வச்சீகளா?" என்பாள்.

சிரிப்புக்கு நடுவில் அவர்கள் கண் என் முகத்திலேயே இருக்கும். நான் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்னதும் எல்லோரும் போனை எடுப்பார்கள். அப்போதெல்லாம், நானாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றும்.