அதான் ரெண்டு எஞ்சின் இருக்கே!

பழைய இரட்டை எஞ்சின் விமானத்தை மலிவாக வாங்கிவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க அதற்கு வக்கீலாக வாதாடும் இனம் ஒன்று உண்டு. கான்சாஸ் மாநிலத்தில் கோதுமைக்கு அடுத்தபடியாக நன்றாக விளைவது அதுதான். அதில் பாதிப்பேர் டாக்டர்கள்.

பல் டாக்டர் வெண்டல் க்ரோக்கரைப் பாருங்கள். அடுத்தவர் பல்லில் கடுகளவு கறுப்பைக் கண்டாலே பதறுகிறவர், தாம் ஓட்டுவதோ நாற்பது வயது டர்போபிராப் விமானம். அந்த ரகத்தில் எத்தனை விழுந்தன, எந்த வயலில், எந்த வருடம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். ஒருவன் குடித்திருந்தான், இன்னொருவன் பயிற்சிக்கே போகவில்லை, மூன்றாமவன் உறைபனியில் கிளம்பினான் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் ஒன்றுகூட மிஞ்சாது. செலவும் அப்படியே. எரிபொருள் கணக்கில் சேரும். எஞ்சினைப் பிரிப்பது? சேராது. அது என்ன தினமுமா வருகிறது?

பன்னிரண்டு வருடமாக இந்தப் புராணத்தைக் கேட்டுக்கொண்டே அந்த விமானத்தைப் பழுதுபார்த்தவள் டார்லா ஹைன்ஸ். நவம்பரில், க்ரோக்கர் குடும்பம் டென்வருக்கு விருந்துக்குப் போகவிருந்த வாரம், எஞ்சினுக்குள் கேமராவை விட்டுப் பார்த்தாள்.

"டாக்டர், இடது எஞ்சினுக்குள்ள சுத்தற பிளேடு ஒண்ணு விரிசல் விட்டிருக்கு. பிரிச்சே ஆகணும்."

"எவ்ளோ ஆகும்?"

சொன்னாள். மரத்துப்போகும் ஊசி போடாமல் பல்லைப் பிடுங்கியதுபோல் அவர் முகம் கோணியது.

"அதான் ரெண்டு எஞ்சின் இருக்கே, டார்லா!"

"மேல ஏறறப்ப ஒண்ணு நின்னா, இன்னொண்ணு ஒரு பக்கமா இழுத்துக் கவுத்துடும். உங்களுக்குத் தெரியாததா?"

"கவுந்தவனுக்கெல்லாம் ஓட்டத் தெரியல."

"பறக்கலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடறவன் பக்கத்து ஊர்ல இருக்கான்."

இருந்தான்.

புதன்கிழமை காலை டாக்டரின் மனைவி ஜோலீன் இரண்டு பெண்களோடும் பெட்டிகளோடும் விமானத் திடலில் வந்து இறங்கினாள். டார்லாவுக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரியாமல் இல்லை. நல்ல வாடிக்கையாளர் வேறு. ஆனாலும் ஜோலீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைங்கள இதுல ஏத்தாதீங்க."

ஜோலீன் ஒரு நிமிஷம் அவள் கண்ணையே பார்த்தாள். பெட்டிகள் காருக்குத் திரும்பின.

"ஏழு மணி நேரம் ரோட்டுல போவியா?" என்று கத்தினார் வெண்டல்.

"போவேன்."

ரோஷத்தோடு தனியாகவே கிளம்பினார். சக்கரம் தரையை விடுமுன் இடது எஞ்சின் வெடித்தது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, சக்கரம் முறிந்து, வயிற்றால் தேய்ந்துகொண்டே முளைத்திருந்த கோதுமைக்குள் போய் நின்றது. டார்லா தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் சட்டையிலிருந்து சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா! ஒரு கீறல் இல்ல! எவ்ளோ பத்திரமான விமானம்!"

அவள் அவரை இழுத்துப்போய் விமானத்துக்குள்ளே காட்டினாள். சின்னப் பெண் உட்காரும் இருக்கையின் முதுகில், பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு வந்த இரும்புத் துண்டு ஒன்று சொருகி நின்றது.

வெண்டல் அந்த இருக்கைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். திருந்திவிட்டார் என்றே டார்லா நினைத்தாள்.

"தப்பு அந்தப் பக்கத்து ஊர்க்காரன் மேல," என்றார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டு கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? 'இன்னும் ஒரு வருஷம் தாங்கும்' என்று சொன்னது யார்?